பிலிம் கேமராவா, மிரர்லெஸ்ஸா? முதலில் படத்தை எங்கே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் அடுத்த ஆசை ஒன்று வந்துவிடும். ஒரு நல்ல கேமரா வாங்க வேண்டும். குழந்தையின் பிறந்தநாள், பொங்கல், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆசையோடு இப்போது ஒரு குழப்பமும் சேர்ந்து வருகிறது. "அப்பாவின் பழைய பிலிம் கேமரா பீரோவில் கிடக்கிறது. அதைச் சரிசெய்து எடுக்கலாமா, இல்லை புதிதாக ஒரு மிரர்லெஸ் வாங்கலாமா?" அசோக் நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் முதல் கல்லூரி மாணவர்கள் வரை இதைக் கேட்கிறார்கள்.

கேள்வியில் தவறில்லை. பிலிம் மோகம் உண்மையாகவே திரும்பி வந்திருக்கிறது. 2024-ல் பென்டாக்ஸ் நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்ற புத்தம் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது. 36 படம் எடுக்கும் ரோலில் பாதி அளவு ப்ரேமாக 72 படம் எடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. மறுபக்கம், 2021-ல் வந்த நிக்கான் இசட் எஃப்.சி. என்ற மிரர்லெஸ் கேமராவுக்கு அந்த நிறுவனத்தின் பழைய எஃப்.எம்.2 பிலிம் கேமராவின் தோற்றத்தையே கொடுத்தார்கள். பழசு புதுசாகவும், புதுசு பழசாகவும் வேடம் போடும்போது வாங்குகிறவர் குழம்பத்தானே செய்வார்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர் மிரர்லெஸ் வாங்குவதே சரி. ஆனால், கடைக்காரர் சொல்லும் மெகாபிக்ஸெல் கணக்கு அதற்குக் காரணமில்லை. எடுத்த படத்தை ஒரு துளி தரம் குறையாமல் பிரதி எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம் என்பதுதான் காரணம். அந்தப் பிரதி எடுக்கும் வேலையைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இல்லை என்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், பீரோவில் இருக்கும் பிலிம் கேமராவே உங்களுக்கு நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்டதும் அந்த உப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழ்கிறது. லேபில் கழுவியதும் அது நெகட்டிவ் ஆகிறது. அதாவது, படம் எடுத்தவுடனேயே உங்கள் கையில் ஒரு பொருள் வந்துவிடுகிறது. மின்சாரம் இல்லாமல், சாப்ட்வேர் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மிரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாதது. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை ஒரு சிறிய கண்ணாடி மேலே திருப்பி வியூபைண்டருக்கு அனுப்பும். படம் எடுக்கும்போது அந்தக் கண்ணாடி 'டப்' என்று தூக்கிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டு, சென்ஸாரில் விழும் காட்சியை நேராகத் திரையில் காட்டுவதுதான் மிரர்லெஸ். 2008-ல் பானசோனிக் கொண்டுவந்த ஜி1 இந்த வகைக்கு முன்னோடி. கண்ணாடி போனதால் கேமராவின் உடல் மெலிந்தது. படம் எடுப்பதற்கு முன்பே வெளிச்சம் கூடுதலா, குறைவா என்று திரையில் தெரிந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி.

டிஜிட்டல் கேமராவை முதலில் செய்தது யார் தெரியுமா? பிலிம் விற்ற கோடாக்தான். 1975-ல் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் ஒரு மாதிரிக் கேமராவைச் செய்தார். ஒரு மெகாபிக்ஸெலில் நூறில் ஒரு பங்கு அளவு கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 வினாடி பிடித்தது. 2012 ஜனவரியில் அதே கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகும் கோடாக் பெயரில் பிலிம் வருகிறது, ஆனால் பழைய காலம் போல் தெருமுனைக் கடையில் கிடைக்காது.

நம் ஊர் பிலிம் என்ன ஆனது?

ஒரு காலத்தில் பிலிம் தமிழ்நாட்டிலேயே தயாரானது. ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டது. உற்பத்தி 1967-ல் ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்தக் கருப்பு வெள்ளை ரோல்களும் எக்ஸ்ரே பிலிம்களும் ஸ்டுடியோக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் புழங்கின. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்ஃபா கிளிக் 3 கேமரா அந்நாளில் நடுத்தரக் குடும்பத்தின் கேமரா. பேட்டரியே வேண்டாம், ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்.

ஊட்டி ஆலை 1990களில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. ஆகவே பிலிம் வேண்டும் என்றால் இறக்குமதி ரோல்தான். டாலர் விலை, வரி எல்லாம் அதில் ஏறும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி மூன்றையும் கூட்டி 36-ஆல் வகுங்கள். மூன்றும் சேர்ந்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 42 ரூபாய் ஆகிறது. கண் மூடியது, கை ஆடியது எல்லாம் இதில் அடக்கம். ஆயிரம் படம் எடுக்க 28 ரோல், அதாவது 42,000 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

மிரர்லெஸ்ஸில் செலவு முன்னால் வருகிறது. கேமரா, லென்ஸ், மெமரி கார்டு, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் தனிச் செலவு இல்லை. 24 மெகாபிக்ஸெல் கேமராவின் ஜேபெக் படம் ஒன்று சராசரியாக 10 எம்.பி. என்று கொண்டால், ஆயிரம் படம் 10 ஜி.பி.தான். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு லட்சம் படம் வைக்கலாம்.

"பிலிம் பொறுமையைக் கற்றுத் தருகிறது" என்று சொல்கிறார்கள். உண்மைதான், ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போனால் யாருக்கும் பொறுமை வரும். ஆனால் அதற்குப் பிலிம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு விசேஷத்துக்குப் போகும்போது 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று மிரர்லெஸ்ஸிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து 800 படத்தில் நல்லது எது என்று தேடி அலுத்துப்போகும் தொல்லையும் இல்லை.

சென்னை வெயிலும் ஈரமும்

வெளிநாட்டுப் பத்திரிகைகள் சொல்லாத ஒரு விஷயம் நம் ஊர் தட்பவெப்பம். பழைய லென்ஸ்களுக்குச் சென்னையில் முதல் எதிரி பூஞ்சைதான். பீரோவுக்குள் துணியில் சுற்றி, தோல் உறையில் போட்டு வைத்த லென்ஸை எடுத்து, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நெகட்டிவுக்கும் இதே கதி. ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைப்பதுதான் மலிவான வழி. இது மிரர்லெஸ் லென்ஸுக்கும் பொருந்தும்.

கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம் என்பார்கள். கழுவலாம். ஆனால் அதற்கான அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கு எழுதப்பட்டவை. மே மாதம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நம் குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், 30 டிகிரிக்கு மேல் இருக்கும். வாளியில் ஐஸ் கட்டி போட்டுக் குளிர்விக்க வேண்டும். கலர் பிலிமுக்கு 38 டிகிரியை ஒட்டி, அரை டிகிரி கூட மாறாமல் வைத்திருக்க வேண்டும். அதை லேபுக்கு விட்டுவிடுவதே நல்லது. எந்த லேப் இன்னும் பிலிம் கழுவுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே ரோல் வாங்குங்கள்.

2015 டிசம்பர் சொன்ன பாடம்

இனி முக்கியமான விஷயம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற பகுதிகளோடு அசோக் நகரின் பல தெருக்களிலும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு மொட்டை மாடிகளில் துணிகளுக்குப் பக்கத்தில் கல்யாண ஆல்பங்களை விரித்துக் காய வைத்திருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டிக்கொண்ட பிரிண்ட்டைப் பிரித்தால், முகம் தாளோடு வந்தது.

அதே வீடுகளில் கம்ப்யூட்டர் எங்கே இருந்தது? மேஜைக்குக் கீழே, தரையில். சி.பி.யூ. பெட்டிக்குத்தான் முதலில் தண்ணீர் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து வருடப் படங்கள் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஆல்பம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டும் போயின. தப்பியவை இரண்டு வகை. பரணில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்த நெகட்டிவ்கள் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அவ்வப்போது மெயிலில் அனுப்பிய படங்கள் இன்னொன்று. ஒன்று பிலிம், மற்றது டிஜிட்டல். இரண்டும் தப்பித்தது வேறு இடத்தில் இருந்ததால்தான்.

அதனால்தான் 'எது சிறந்த கேமரா' என்ற கேள்வியை விட 'படத்துக்கு எத்தனை பிரதி, எங்கெங்கே' என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த பிரிண்ட்டுகளும் நெகட்டிவ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடக்கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, தனித்தனியாக நிழலில் காய வைக்க வேண்டும். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அப்படியே டேட்டா மீட்டுத் தருபவரிடம் கொண்டுபோங்கள்.

பிலிம் நிரந்தரமா? டிஜிட்டல் நிரந்தரமா?

பிலிம் நூறு வருடம் நிற்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கும், யாராவது பத்திரமாக வைத்திருந்தால். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த கோயில் படங்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் 'காளிதாஸ்' பார்க்கக் கிடைக்காது. ஒரு பிரிண்ட் கூட மிஞ்சவில்லை. 1858-ல் எடுத்தது இருக்கிறது, 1931-ல் எடுத்தது இல்லை. பாதுகாத்தவர் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் இருந்த குடும்பப் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடி, ஸ்கேன் செய்து காப்பாற்றும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 2010களில் செய்தது. கவனியுங்கள், பிலிமைக் காப்பாற்ற அவர்களும் கம்ப்யூட்டரைத்தான் நாடினார்கள். நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ் எடுத்தால் தரம் குறையும். டிஜிட்டல் பைலின் ஆயிரமாவது பிரதியும் அசலும் ஒன்றே.

சரி, டிஜிட்டல் மட்டும் நிரந்தரமா? 2000களில் படங்களை சி.டி.யில் எழுதி, மேலே மார்க்கர் பேனாவால் 'குற்றாலம் டூர்' என்று எழுதி வைத்தோம். அந்த சி.டி.களில் பல இன்று திறப்பதில்லை. திறக்கக்கூடியதாக இருந்தாலும், புதிய லேப்டாப்பில் போட டிரைவ் இல்லை. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ல் அளவற்ற இலவச இடத்தை நிறுத்தி, 15 ஜி.பி.க்குள் கணக்கு வைக்க ஆரம்பித்தது. இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் பிறகு வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போகிறது, அதை பேக்கப் என்று நினைக்காதீர்கள்.

ஆக, பிலிமை மறந்துவிட்டால் அது டப்பாவில் தூங்கும். பல நேரம் பிழைத்துக்கொள்ளும். டிஜிட்டலை மறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் பிரதி எடுக்கச் சோம்பல்படுபவருக்குப் பிலிமே மேல் என்று முதலில் சொன்னேன்.

பழைய கேமராவை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். அதற்கு இரண்டு உபயோகம் இருக்கிறது.

முதலாவது, லென்ஸ். மிரர்லெஸ் உடல் மெல்லியது என்று சொன்னேன் அல்லவா? லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் உள்ள தூரம் குறைவு. பழைய நிக்கானில் இது 46.5 மி.மீ., சோனி மிரர்லெஸ்ஸில் 18 மி.மீ. இடையில் உள்ள வெற்றிடத்தில் அடாப்டர் என்ற ஒரு உலோக வளையத்தை மாட்டினால் அப்பாவின் 50 எம்.எம். லென்ஸ் புதிய கேமராவில் உட்கார்ந்துவிடும். போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திரையில் போகஸ் ஆன ஓரங்களை நிறம் காட்டும் வசதி மிரர்லெஸ்களில் உண்டு. ஏ.பி.எஸ்-சி. அளவு சென்ஸார் என்றால் அந்த 50 எம்.எம். லென்ஸ் 75 எம்.எம். போல நெருக்கமாகக் காட்டும். முகப் படங்களுக்கு அருமையாக இருக்கும்.

இரண்டாவது, வருடத்துக்கு ஒரு ரோல் எடுங்கள். வீட்டில் எல்லோரும் கூடும் ஒரு நாளில் எடுத்து, கழுவி, நெகட்டிவைப் பரணில் வையுங்கள். இதை நான் ஏக்கத்துக்காகச் சொல்லவில்லை. மின்சாரமும் பாஸ்வேர்டும் வேண்டாத ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய கேமராவை வெளியில் வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

- பின் கதவைத் திறந்து, ஓரத்தில் உள்ள கருப்புப் பஞ்சு பிசுபிசு என்று ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் ஒளி கசியும்.
- ஷட்டரை ஒரு வினாடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். இழுத்துக்கொண்டே போனால் வேண்டாம்.
- என்ன பேட்டரி என்று கேளுங்கள். யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவை இப்போது தயாராகாத பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டவை, மாற்று ஏற்பாடு வேண்டும். பென்டாக்ஸ் கே1000-க்குச் சாதாரண எல்.ஆர்.44 போதும். நிக்கான் எஃப்.எம்.2-ன் ஷட்டர் பேட்டரி இல்லாமலும் ஓடும்.
- காலாவதியான ரோலை மலிவு என்று வாங்காதீர்கள். நம் வெயிலில் எங்கே கிடந்ததோ!

மிரர்லெஸ் வாங்குபவருக்கு

செல்போனிலேயே பார்த்து செல்போனிலேயே அனுப்புவதாக இருந்தால் தனிக் கேமரா வேண்டாம், அந்தப் பணம் மிச்சம். பிரிண்ட் போட வேண்டும், குறைந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், லென்ஸ் மாற்ற வேண்டும் என்றால் ஆரம்ப நிலை மிரர்லெஸ் ஒன்று போதும். 24 மெகாபிக்ஸெல் என்பது 6000 x 4000 புள்ளிகள். இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம் 20 இன்ச் அகலப் பிரிண்ட் வரும். அதற்கு மேல் மெகாபிக்ஸெலுக்குக் காசு கொடுக்காமல் அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுங்கள்.

கார்டிலிருந்து படங்களை 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு கேமராவிலேயே கார்டை பார்மட் செய்யுங்கள். போல்டருக்கு '2015-12-வெள்ளம்' என்பது போல வருடத்தை முதலில் போட்டுப் பெயர் வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒரு பிரதி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு பிரதி வேறு ஊரில். கிளவுடில் இடம் வாங்கலாம். இல்லையென்றால் மதுரையில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்து, தீபாவளிக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். சி.பி.யூ. தரையில் இருந்தால் இன்றைக்கே மேஜை மேல் ஏற்றுங்கள், செலவே இல்லை.

கடைசியாக, கேமரா கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை. பீரோவில், பரணில், ஸ்டுடியோ கவர்களுக்குள் வீட்டு நெகட்டிவ்கள் கிடக்கின்றனவா என்று தேடி எடுங்கள். சாதாரண பிரிண்டர்-ஸ்கேனரில் நெகட்டிவ் சரியாக வராது, மூடியில் விளக்கு இருக்கும் ஸ்கேனர் வேண்டும். லேபில் கொடுத்தால் 2400 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், 35 எம்.எம். நெகட்டிவ் ஒன்றில் ஏறத்தாழ 7 மெகாபிக்ஸெல் கிடைக்கும். நல்ல பிரிண்ட் போட அது தாராளம். ஸ்கேன் ஆனதும் நெகட்டிவை மறக்காமல் திருப்பி வாங்கி வாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு பைல் பெயரிலேயே எழுதுங்கள். எந்தக் கேமரா வாங்குவது என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். கடை எங்கேயும் போய்விடாது.